மேலே தேக்கு, மார்பிள், அத்தங்குடி... சரி, வினைல் தரைக்கு அடியில் என்ன இருக்கு?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில் பழைய வீட்டுத் தரை என்றாலே பெரும்பாலும் ரெட் ஆக்சைடுதான். வருஷக்கணக்காகத் துடைத்துத் துடைத்து மினுமினுத்த சிவப்பு. ஓரங்களில் விரிசல் விட்டிருக்கும், நடுவில் சிமெண்ட் ஒட்டுப் போட்டிருப்பார்கள். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலைக்குச் சேர்ந்து, ஊர் வீட்டைக் கொஞ்சம் மாற்றலாம் என்று யோசிக்கும்போது முதலில் கண்ணை உறுத்துவது இந்தத் தரைதான்.

உடைத்து டைல்ஸ் போடலாம். ஆனால் வாரக்கணக்கில் வீடு முழுக்கத் தூசி, மேஸ்திரி தேதி கொடுப்பதற்குள் லீவு முடிந்துவிடும். அப்போதுதான் கடைக்காரர் ஒரு சுருளை எடுத்து விரிக்கிறார். தேக்கு மரக் கணு, இத்தாலி மார்பிள் நரம்பு, செட்டிநாட்டு அத்தங்குடிப் பூ என்று எது வேண்டுமோ அது இருக்கிறது. கனம் சில மில்லிமீட்டர்தான். "ஒரே நாள் வேலைங்க" என்கிறார். வினைல் ஃப்ளோரிங், பிவிசி கார்பெட், ஃப்ளோர் ஷீட் என்று கடைக்குக் கடை பெயர் மாறும். சரக்கு ஒன்றுதான்.

தமிழ் வீடுகளுக்கு இது அவ்வளவு புதுசும் இல்லை. வாசலில் ஒட்டும் ஸ்டிக்கர் கோலம் பெரும்பாலும் இதே வினைல்தான். ரயில் பெட்டியில் காலுக்குக் கீழே இருப்பது பிவிசி விரிப்பு. தெருமுனையில் தலைவர் சிரிக்கும் ஃபிளெக்ஸ் பேனரும் இந்தக் குடும்பம்தான். தேர்தல் முடிந்ததும் அதே பேனர் மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருளின் ஆயுள் எவ்வளவு கெட்டி என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

'வெறும் பிளாஸ்டிக்கில் போட்டோ அடிச்சு ஏமாத்துறாங்க' என்று இதை ஒதுக்குவது சுலபம். அது நியாயமில்லை. அந்தப் போட்டோவுக்குக் கீழே நூறு ஆண்டு வேதியியலும், நீதிமன்றம் வரை போன கண்டுபிடிப்பும் இருக்கின்றன. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. மேல்பக்கத்தை அழகாக்க இத்தனை மூளை செலவானது. உள்ளே என்ன கலந்திருக்கிறது, பழசானால் எங்கே போகும் என்ற இரண்டு கேள்விகளுக்கு வாங்குபவருக்கு இன்னும் பதில் கிடைப்பதில்லை.

பசை தேடப் போனவர்

பிவிசி என்ற பொருளை 1872-லேயே ஜெர்மன் வேதியியலாளர் ஆய்கன் பௌமான் பார்த்துவிட்டார். ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. விறைப்பாக இருக்கும், சூடாக்கினால் சிதைந்து அமில வாயுவைக் கக்கும். வேலைக்கு ஆகாத பொடி.

1926-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், பி.எஃப். குட்ரிச் என்ற ரப்பர் கம்பெனியில் வால்டோ செமன் என்ற இளைஞர் வேலை பார்த்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். உலோகத்தோடு ரப்பரை ஒட்ட ஒரு பசை வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். கொதிநிலை அதிகமான ஒரு கரைப்பானில் பிவிசியைப் போட்டுச் சூடாக்கினார். ஆறிய பிறகு கிடைத்தது பசை அல்ல. வளைகிற, இழுத்தால் நீண்டு மறுபடி சுருங்குகிற, தண்ணீர் இறங்காத ஒரு பொருள். கரைப்பான் மூலக்கூறுகள் பிவிசி சங்கிலிகளுக்கு நடுவில் புகுந்து, அவை ஒன்றன்மீது ஒன்று வழுக்கும்படி செய்திருந்தன. இதைத்தான் இன்று பிளாஸ்டிசைசர், தமிழில் நெகிழ்வூட்டி என்கிறோம். 1933-ல் செமனுக்கு காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் வினைல் டைல் மக்கள் பார்வைக்கு வந்தது. செமன் நூறு வயதைத் தாண்டி, 1999-ல் இறந்தார்.

இந்தக் கதை தமிழ்நாட்டுக்கும் வந்தது. அதே குட்ரிச் நிறுவனத்தின் கூட்டுடன்தான் மேட்டூரில் கெம்பிளாஸ்ட் ஆலை 1967-ல் பிவிசி தயாரிக்கத் தொடங்கியது. பிவிசியின் எடையில் 57 சதவீதம் குளோரின். குளோரின் என்றால் உப்பு. இந்த நிறுவனத்துக்கு வேதாரண்யத்தில் உப்பளங்கள் உண்டு. மிச்சப் பாதிக்குத் தேவையான எத்திலீனை மேட்டூரில் ஆல்கஹாலிலிருந்து எடுத்தார்கள். அந்த ஆல்கஹால் கரும்பின் மொலாசஸிலிருந்து வருவது. ஆக, கடலும் கரும்புக் காடும் சேர்ந்து பிளாஸ்டிக் ஆனது. வினைல் தரைக்கும் செயற்கைத் தோலுக்கும் தேவைப்படுவது 'பேஸ்ட் பிவிசி' என்ற மாவு போன்ற தனி ரகம். இந்தியாவில் அதன் முன்னணித் தயாரிப்பாளர் இந்த நிறுவனம்தான். மேட்டூரோடு இப்போது கடலூரிலும் அதைச் செய்கிறார்கள்.

மை தொட்ட இடம் பொங்காது

வினைல் தரையின் மிக நுணுக்கமான கண்டுபிடிப்பு எது என்று கேட்டால், பலரும் பிரிண்டிங் என்பார்கள். பிரிண்டிங் அவ்வளவு கஷ்டமில்லை. பத்திரிகை அட்டை அச்சடிக்கும் கிராவியர் உருளை போதும். கஷ்டம், கையால் தடவிப் பார்க்கும்போது வருகிறது.

டைல்ஸ் டிசைன் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியும் இடைக்கோடு, விரலுக்கும் பள்ளமாகத் தெரிய வேண்டும். இல்லையென்றால் அது படம்தான், தரை இல்லை. ஆரம்பத்தில் அச்சடித்த விரிப்பைச் சூடாக்கி, மேடு பள்ளம் செதுக்கிய உருளைக்குக் கீழே அழுத்திப் பார்த்தார்கள். சூடான பிளாஸ்டிக் இழுபடும். நூறு மீட்டர் ஓடுவதற்குள் பள்ளம் ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம் என்று விலகிப் போகும். கோலப் புள்ளி ஓரிடத்திலும் இழை வேறிடத்திலும் விழுந்த மாதிரி.

1966-ல் அமெரிக்காவின் காங்கோலியம்-நெய்ர்ன் நிறுவனம் பெற்ற காப்புரிமைகள் இந்தச் சிக்கலை ஒரே போடாகத் தீர்த்தன. கண்டுபிடித்தவர்கள் நெய்ர்ன், ஹார்கின்ஸ், எரன்ஃபெல்ட், டார்லோ என நால்வர். அவர்கள் உருளையைத் துல்லியமாக்க முயலவில்லை. அந்த வேலையை மையிடமே ஒப்படைத்துவிட்டார்கள்.

எப்படி? பிவிசிக் கூழில் நுரைக்கும் வேதிப்பொருளைக் கலந்து, ஒரு தாளின் மேல் ஆப்ப மாவு போலப் பரப்புகிறார்கள். அது கொஞ்சம் உறைந்ததும் மேலே டிசைன் அச்சடிக்கிறார்கள். இடைக்கோட்டுக்கான மையில் மட்டும் இன்னொரு பொருள் கலந்திருக்கும். நுரைப்பதைத் தடுக்கும் பொருள். மேலே தெளிவான பிவிசிப் படலம் ஒன்றைப் பூசி அடுப்புக்குள் அனுப்பினால், நுரைப்பான் சிதைந்து வாயு விடும், மாவு பொங்கும். தடுப்பு மை பட்ட இடத்தில் மட்டும் பொங்காது. வெளியே வரும்போது கோடு எங்கேயோ அங்கேயே பள்ளம். விரிப்பு இழுபட்டாலும் கவலையில்லை. கோடும் பள்ளமும் சேர்ந்தே இழுபடும். இரண்டையும் செய்தது ஒரே மைதானே.

காலுக்குக் கீழே மெத்தென்று இருப்பதும் இந்த நுரையால்தான். அழகுக்காகச் செய்த வேலையில் சொகுசு இலவசமாக வந்தது.

போட்டியாளர்கள் சும்மா இருப்பார்களா? ஆம்ஸ்ட்ராங் என்ற பெரிய தரை விரிப்பு நிறுவனத்தின்மீது காங்கோலியம் வழக்குப் போட்டது. 1973-ல் அமெரிக்க மாவட்ட நீதிமன்றம் காப்புரிமை செல்லும், மீறல் நடந்திருக்கிறது என்றது. 1975-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. லினோலியத்தைக் கண்டுபிடித்த ஃபிரடெரிக் வால்டன் இதற்கு நூறாண்டு முன்பு இவ்வளவு அதிர்ஷ்டம் செய்யவில்லை. 'லினோலியம்' என்ற பெயர் தன்னுடையது என்று அவர் போட்ட வழக்கு 1878-ல் தோற்றது. பெயரை அவர் வணிகக் குறியாகப் பதிவு செய்யவே இல்லை, அதற்குள் அது பொருளின் பொதுப் பெயராகவே ஆகிவிட்டது என்று தீர்ப்பு. நம்மூரில் ஜெராக்ஸ் எடுக்கப் போவது போல.

தரைத் தொழிலில் காப்புரிமைச் சண்டை இன்றும் ஓயவில்லை. பசையே இல்லாமல் பலகையோடு பலகை 'க்ளிக்' என்று மாட்டிக்கொள்ளும் வினைல் பிளாங்க் இப்போது ஃபிளாட்களில் பிரபலம். அந்தப் பூட்டு ஸ்வீடனின் வாலிங்கே, பெல்ஜியத்தின் யூனிலின் போன்ற நிறுவனங்கள் 1990-களில் மரப் பலகைகளுக்காக உருவாக்கியது. இன்றும் உலகெங்கும் தொழிற்சாலைகள் அவர்களிடம் லைசென்ஸ் வாங்கித்தான் அதைச் செய்கின்றன. சில டிகிரி சாய்வில் வெட்டிய ஒரு சின்னக் கொக்கி, எத்தனை கோடி சதுர அடிக்குக் காசு வசூலிக்கிறது பாருங்கள். தயாரிப்பு முறையில் செய்யும் கண்டுபிடிப்பை நம்மூர் இன்ஜினியரிங் கல்லூரிகள் இன்னும் 'ஃபைனல் இயர் புராஜெக்ட்'டாகக்கூட மதிப்பதில்லை. ஆப் செய்தால்தான் கண்டுபிடிப்பு என்ற நினைப்பு.

குழாய்க்கு ஒரு நியாயம், தரைக்கு ஒரு நியாயம்

இப்போது உள்ளே இருப்பதைப் பார்ப்போம்.

மெத்தென்ற பிவிசியின் எடையில் கால் பங்கு, சில சமயம் மூன்றில் ஒரு பங்குகூட நெகிழ்வூட்டியாகவே இருக்கலாம். அது பிவிசியோடு வேதிப் பிணைப்பில் இல்லை. இடுக்கில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நாளாக ஆக மெல்ல வெளியே வரும், வீட்டுத் தூசியில் சேரும். நீண்ட காலம் இந்த வேலையைச் செய்தவை தாலேட்டுகள் என்ற வகை. அவற்றில் டிஇஹெச்பி உள்ளிட்ட சில, இனப்பெருக்க நலனைக் கெடுப்பவை என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. ஸ்வீடனில் 2004-ல் வெளியான ஓர் ஆய்வு, வீட்டுத் தூசியில் இருந்த தாலேட்டுகளுக்கும் குழந்தைகளின் ஆஸ்துமா, ஒவ்வாமைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. தொடர்பு என்றால் காரணம் என்று பொருளல்ல, பீதியடையவும் வேண்டாம். ஆனால் தவழும் குழந்தை நாள் முழுக்கத் தரையில் கையை வைக்கிறது, அந்தக் கையை வாயில் வைக்கிறது. அதனால் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

மற்ற நாடுகள் தள்ளிப்போடவில்லை. 2015-ல் அமெரிக்காவில் ஒரு தன்னார்வ ஆய்வு மையம் கடைகளில் விற்கும் வினைல் டைல்களைச் சோதித்துத் தாலேட் இருப்பதை வெளியிட்டது. ஹோம் டிப்போ என்ற பெரிய சங்கிலிக் கடை, அந்த ஆண்டு முடிவதற்குள் தாலேட் சேர்த்த வினைல் தரையை விற்பதில்லை என்று அறிவித்தது. ஐரோப்பாவில் நான்கு தாலேட்டுகளுக்கு 2020 ஜூலை முதல் 0.1 சதவீத உச்சவரம்பு. டிஓடிபி போன்ற மாற்று நெகிழ்வூட்டிகள் சந்தையில் இருக்கின்றன. கல் பொடி அதிகம் கலந்த எஸ்பிசி என்ற விறைப்பான பலகையின் நடுப்பகுதிக்கு நெகிழ்வூட்டி அநேகமாகத் தேவையே இல்லை. அதாவது தொழில்நுட்பம் தயார்.

அடுத்தது ஈயம். பிவிசியைச் சூடாக்கினால் சிதையும் என்று பார்த்தோம். அதைத் தடுக்க நிலைப்படுத்திகள் சேர்ப்பார்கள். குழாய்களில் காலங்காலமாகச் சேர்த்தது ஈயக் கலவை. 2021-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதற்கு எதிராக விதி கொண்டுவந்தது. நல்ல விஷயம். ஆனால் அந்த விதியின் பெயரிலேயே 'பிவிசி குழாய்களும் இணைப்புகளும்' என்றுதான் இருக்கிறது. தரை அதில் இல்லை.

மெத்தென்ற விரிப்புகளுக்கு ஈயம் அவ்வளவாகத் தேவைப்படாது. பேரியம், கால்சியம், துத்தநாகக் கலவைகள் போதும். சந்தேகம் அடி அடுக்கில்தான். செலவைக் குறைக்க அங்கே மறுசுழற்சி பிவிசி சேர்ப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம். பழைய கேபிள் உறை, பழைய குழாய் எல்லாம் அரைபட்டு வரும்போது அவற்றில் இருந்த ஈயமும் கூடவே வரும். குழாயிலிருந்து விரட்டிய ஈயம் குழந்தை தவழும் தரைக்குக் குடிவரக் கூடாது என்றால், விதி பொருளின் பெயரைப் பார்க்காமல் பிவிசியைப் பார்க்க வேண்டும். ஐரோப்பா அப்படித்தான் செய்தது. 2024 நவம்பர் முதல் அங்கே பிவிசி பொருள்களுக்கு 0.1 சதவீத ஈய வரம்பு. மறுசுழற்சிப் பொருள் சிலவற்றுக்கு மட்டும் தற்காலிக விலக்கு.

இந்தியத் தர நிர்ணயம் இல்லாமல் இல்லை. நெகிழ்வான பிவிசி தரைக்கு ஐஎஸ் 3462 என்ற தரக்குறியீடு 1986-லேயே இருக்கிறது. அதற்கு முந்தைய எண்ணைப் பார்த்தால் காலம் புரியும்: ஐஎஸ் 3461, ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பிவிசி டைலுக்கானது. ஆஸ்பெஸ்டாஸைச் சாதாரணமாகத் தரையில் பதித்த காலத்தின் சட்டகத்தை வைத்துக்கொண்டு இன்றைய விரிப்பை அளந்துகொண்டிருக்க முடியாது.

போகிக்குப் பழைய பாய்

வினைல் தரை எத்தனை ஆண்டு வரும் என்பது மேலே இருக்கும் தெளிவான படலத்தைப் பொறுத்தது. கடையில் டிசைனைப் பார்ப்பதோடு 'வேர் லேயர் எவ்வளவு?' என்று கேட்க வேண்டும். வீட்டுக்கு 0.3 மில்லிமீட்டர், ஆள் நடமாட்டம் அதிகமுள்ள கடைக்கு 0.5 என்பது வழக்கமான கணக்கு. அதற்கும் ரொம்பக் கீழே என்றால் சாப்பாட்டு மேசை நாற்காலி இழுபடும் இடத்தில் தேக்கு மரம் சீக்கிரமே வெளுத்துவிடும். பழைய ரெட் ஆக்சைடு தரையின் கீழ் ஈரம் ஏறும் வீடுகளில் விரிப்புக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். ரப்பர் மிதியடியை மேலே போட்டால் மஞ்சள் கறை விழும், போகாது. தீபத்துக்குப் பேர் போன மாவட்டத்தில் இதையும் சொல்ல வேண்டும்: கார்த்திகை அகலை நேராக வினைல் மேல் வைத்தால் வட்டமாகக் கருகிப் போகும். கீழே ஒரு தட்டு அவசியம்.

வெளுத்ததும் அதைச் சுருட்டி மொட்டை மாடியில் போடுவார்கள். அப்புறம் போகி வரும்.

கோரைப்பாய் காலத்தில் போகிக்கு ஓர் அர்த்தம் இருந்தது. கோரை, புல், பழந்துணி எல்லாம் எரிந்து சாம்பலாகி மண்ணுக்குப் போகும். வினைல் பாயும் பெயரளவில் பாய்தான். எரித்தால் அதன் குளோரின் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வரும். கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். குறைந்த சூட்டில் புகைந்து எரியும்போது டையாக்ஸின் என்ற கொடிய நச்சும் உண்டாகும். பிளாஸ்டிக், டயர் எரிக்காதீர்கள் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு போகிக்கும் கேட்டுக்கொள்கிறது. சரி, எரிக்கவில்லை. பிறகு என்னதான் செய்வது?

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவனின் பிளாஸ்டிக் சாலை நினைவுக்கு வரலாம். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கித் தந்த வேலை அது. கழிவு பிளாஸ்டிக்கையும் கல்லையும் சேர்த்துத் தரைக்குப் பதிக்கும் 'பிளாஸ்டோன்' கட்டியும் அவர் செய்ததுதான். இரண்டிலும் கேரி பேக் போகும், வினைல் போகாது. சாலைக்கு பிளாஸ்டிக் சேர்ப்பதற்கான இந்தியச் சாலைக் குழுமத்தின் 2013 வழிகாட்டி நெறியே, நச்சு வாயு வரும் என்பதால் பிவிசியைத் தவிர்க்கச் சொல்கிறது. சிமெண்ட் ஆலைச் சூளைகளும் குளோரின் அதிகமுள்ள கழிவை விரும்புவதில்லை. உள்ளே படிந்து அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் கழிவுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று 2022-ல் வந்த நெறிமுறை பேக்கேஜிங்குக்கு மட்டும். பிஸ்கட் உறைக்குப் பொறுப்பேற்க ஆள் இருக்கிறது. ஒரு ஹால் அளவு விரிப்புக்கு இல்லை.

ஊராட்சி வண்டியில் 'மக்காத குப்பை' என்று இதைத் தூக்கிப் போடலாம். தூய்மைப் பணியாளர் அதை எந்தப் பிரிவில் சேர்ப்பார்? கோழித் தீவனப் பையோடு சேர்த்தால் அந்த மொத்த மூட்டையும் மறுசுழற்சிக்கு ஆகாமல் போகும். பிவிசி கலந்த பிளாஸ்டிக்கை உருக்கினால் முதலில் கெடுவது இயந்திரம்தான்.

இத்தனைக்கும் தீர்வு ராக்கெட் அறிவியல் அல்ல. வினைலை வினைலோடு மட்டும் சேர்த்தால் அரைத்து மறுபடி அடி அடுக்காகப் பயன்படுத்தலாம். ஐரோப்பிய பிவிசி தொழில்துறை 2000-த்திலிருந்து கூட்டாக இதற்கென்று திட்டம் நடத்துகிறது. அதற்கு முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஈயமா, எந்த நெகிழ்வூட்டி, எந்த ஆண்டுச் சரக்கு. தயாரிப்பாளருக்கு இதெல்லாம் தெரியும். தடுப்பு மையைத் தலைமுடி கனத்துக்கு இடம் தவறாமல் அச்சடிக்கத் தெரிந்த தொழிற்சாலைக்கு, அதே விரிப்பின் பின்பக்கம் மீட்டருக்கு ஒருமுறை நான்கு வரி அச்சடிப்பது ஒரு உருளைச் செலவு. பழைய விரிப்பை டீலர் திரும்ப எடுத்துக்கொண்டு புதுசில் கொஞ்சம் கழித்துக் கொடுப்பதும் நடக்காத காரியமில்லை. பேட்டரிக்கும் பழைய ஃபிரிட்ஜுக்கும் நம்மூர்க் கடைகள் அதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன.

அதுவரை, பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் தரை மாற்ற நினைப்பவர்கள் கடையில் மூன்று விஷயம் கேட்கலாம்: வேர் லேயர் எத்தனை மில்லிமீட்டர், தாலேட் இல்லாததா, அடி அடுக்கு புதுப் பிவிசியா மறுசுழற்சியா. முதல் கேள்விக்குக் கடைக்காரர் பதில் சொல்வார். மற்ற இரண்டுக்கும் கம்பெனிக்கு போன் போடச் சொல்லுங்கள். நிறையப் பேர் போன் போட்டால்தான் அந்த நான்கு வரி அச்சாகும்.